புதுப்பிப்பு: கொல்லைத் தென்னையில் இருந்த கூட்டை எடுத்தாச்சு

போன வாரம் எங்கள் கொல்லைத் தென்னையில் ஒரு கூடு தொங்குது, தேனீயா, கதண்டு என்கிற பெரிய குளவியா, நாமே கொளுத்தலாமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கதண்டுதான்.

மாடியிலிருந்து செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். தேன்கூடு மாதிரி திறந்த அடை இல்லை. மரத்தை மென்று செய்த காகிதம்போல, பழுப்பும் சாம்பலுமாக வரியோடிய குடம். பக்கத்தில் ஒரே ஓட்டை, அதன் வாயில் வயிற்றில் மஞ்சள் பட்டையோடு இரண்டு மூன்று கறுப்புப் பூச்சிகள்.

மாமா பந்தம் கட்டக் கிளம்பினார். நான் விடவே இல்லை. தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை இழந்து செத்துப்போகும். கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். நிறையக் கொட்டினால் சிறுநீரகமே பழுதாகலாம்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். இருட்டின பிறகுதான் வந்தார்கள். பகலில் பாதி வெளியே திரியும், ராத்திரிதான் கூட்டுக்குள் அடங்குமாம். வெளிச்சத்தைத் தேடி வரும் என்பதால் வீட்டு விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார்கள். முழு உடுப்போடு ஏறி, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்.

காலையில் விழுந்து கிடந்த துண்டைக் குச்சியால் புரட்டினேன். உள்ளே அடுக்கடுக்காக அறைகள், அவற்றில் வெள்ளைப் புழுக்கள்.

கொட்டினால் சுண்ணாம்பு போதுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. போதாதுங்க. பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

மரத்தடியில் இன்னும் நாலைந்து சுற்றுகின்றன. பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடவில்லை.