2006 மாருதி 800: போர் தண்ணி ஓடிய ரேடியேட்டருக்குக் கூலன்ட் மாற்றும்முன் என்னென்ன பார்க்கணும்?

செவ்வந்தி800:
2006 மாடல், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்டர் வகை), ஏ.சி. உண்டு, 92,000 கி.மீ. செகண்ட் ஹாண்ட் வண்டி. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பட்டிக் காப்பி நிறம். இதுவரை போர் தண்ணிதான் ஊற்றியிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றிப் போட்டுவிட்டார்களாம். பைபாஸில் போகும்போது சூட்டு முள் கால்வாசிக்கு மேல் ஏறுவதில்லை. டவுன் நெரிசலில் பாதியைத் தாண்டுகிறது. ஒழுகல் எதுவும் கண்ணில் படவில்லை. சித்திரை வெயிலுக்கு முன் பச்சைக் கூலன்ட் ஒரு கேன் வாங்கி ஊற்றினால் போதுமா?

ஸ்பேனர்பெட்டி:
போதாது. துருத் தண்ணியோடு கூலன்ட் கலந்தால் அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து பழைய துருவிலேயே தீர்ந்துபோகும். முதலில் கழுவணும். வால்வு இல்லாதது இந்த வேலைக்கு மட்டும் நல்லது: எஞ்சின் சூடாகக் காத்திருக்க வேண்டாம், தண்ணி உடனே முழுச் சுற்றும் ஓடும். புது வால்வைக் கடைசியில் மாட்டுங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ரேடியேட்டர் அடியில் டிரெயின் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு, நல்ல தண்ணி நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். வெள்ளை டப்பாவில் பிடித்துப் பார்த்தால் தெரியும். நிறம் போகிறவரை நாலைந்து முறை ஆகலாம். கடைசி இரண்டு கழுவலும் டிஸ்டில்டு வாட்டரில். ரேடியேட்டரில் மிஞ்சும் தண்ணி போய்ச் சேரும் ரிசர்வாயர் டப்பாவைத் தனியே கழற்றிக் கழுவுங்கள், அடியில் சேறு கிடக்கும். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவச் சொன்னால் கேட்காதீர்கள், எஞ்சினின் மேல்பாகமான ஹெட் அலுமினியம், அரித்துவிடும்.

அடுத்தது அளவு. வடித்த பிறகும் எஞ்சின் பிளாக்குக்குள் தண்ணி தங்கும். அதனால் வெளியே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் உள்ளே நீர்த்துப்போகும். கையேட்டில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவில் பாதி அளவுக்குக் கான்சன்ட்ரேட்டை (தண்ணி கலக்காத கூலன்ட்) முதலில் அப்படியே ஊற்றி, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். 4 லிட்டர் என்றால் 2 லிட்டர் கான்சன்ட்ரேட். பிரீமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணி கலந்த) கேன் இந்தக் கணக்குக்கு உதவாது. நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்கென்று பொது விதி கிடையாது, லேபிளைப் படியுங்கள். சாதாரணப் பச்சை வகை என்றால் 2 வருஷம் அல்லது 40,000 கி.மீ.

ஒரு எச்சரிக்கை: கழுவிய ஒரு வாரத்தில் ஒழுகல் தொடங்கலாம். துருவே அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை திறந்துகொள்ளும். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னக் கசிவுத் துளையையும் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். துளையில் கறை இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. மஞ்சள் தூள், லீக் பவுடர் எல்லாம் வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர மட்டும்.

அடுப்படிமெக்கானிக்:
வால்வு பற்றி. நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு வேண்டாம் என்பது சுத்தப் பொய். உங்கள் முள் பைபாஸில் ஏறாததற்கு அதுதான் காரணம். எஞ்சின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று சென்சார் சொல்லும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பெட்ரோலைக் கூட்டிவிடும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும்.

புது வால்வைப் போடும்முன் சோதியுங்கள். நூலில் கட்டி, பாத்திரத் தண்ணியில் அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். வால்வின் மேல் 82 என்று குத்தியிருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வாய் பிளக்கணும், கொதிக்கும்முன் முழுசாகத் திறக்கணும், ஆறினால் சிக்காமல் மூடணும். அதன் விளிம்பில் லொடலொடவென்று ஆடும் குட்டிப் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள். காற்று வெளியேறும் வழி அது. பேக்கிங்கும் புதுசு.

கூலன்ட் ஊற்றும்போது உள்ளே சிக்கும் காற்றை எடுக்க: வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக நிறுத்தி, மூடியைத் திறந்தே வைத்து ஐடிலில் விடுங்கள், ஹீட்டர் இருந்தால் முழு ஹாட். மேல் ஹோஸ் சுடும்வரை குறையக் குறைய ஊற்றி, பிறகு மூடுங்கள். மறுநாள் காலை ரிசர்வாயர் அளவைப் பாருங்கள். காற்று எடுத்து முடித்த பிறகும் குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங்) சந்தேகிக்கணும்.

மல்டிமீட்டர்:
டவுனில் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் ஃபேனையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டு ஃபேன் ஓடும்போது கிரில் முன்னால் ஒரு தாளைக் காட்டினால் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ளணும். வெளியே தள்ளினால் மோட்டார் மாற்றியபோது பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசியும் பூச்சியும் பஞ்சுபோல் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தோட்டத்துக் குழாய்த் தண்ணி அடியுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கும்.

புதுக் கூலன்ட் ஊற்றிய பின் இதையும் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கூலன்டுக்குள், உலோகத்தில் படாமல். ஃபேன், ஹெட்லைட் எல்லாம் போட்டுப் பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. கரண்ட் கூலன்ட் வழியே போய் அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்குங்கள்.

செவ்வந்தி800:
நன்றி. ஒன்று விட்டுப்போச்சு: காலையில் பார்த்தால் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கிறது. ஹோஸை மாற்றணுமா?

ஸ்பேனர்பெட்டி:
ஹோஸ் அல்ல, மூடி. மூடியில் இரண்டு வால்வு உண்டு. பெரியது சூட்டில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும், மேலே 0.9 என்று போட்டிருந்தால் அது பார் கணக்கு, அந்த அழுத்தத்தில்தான் வெறும் தண்ணிகூட 118 டிகிரி வரை கொதிக்காது. நடுவில் உள்ள குட்டி வால்வு, ஆறும்போது ரிசர்வாயரிலிருந்து திரும்ப உறிஞ்சவிடும். அது ஒட்டிக்கொண்டால் ஹோஸ் சப்பும். நகத்தால் இழுத்துப் பாருங்கள், அசைந்து திரும்ப உட்காரணும். அசைந்தாலும் ரிசர்வாயருக்குப் போகும் குட்டிக் குழாய் அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். மூடி மாற்றினால் அதே அழுத்த எண் உள்ளதாக வாங்குங்கள், 1.1 போட்டால் ரேடியேட்டரின் பழைய பிளாஸ்டிக் டேங்க் வாயைப் பிளக்கும்.

ஹோஸை ஆறிய நிலையில் அமுக்கிப் பாருங்கள்: கல் மாதிரி இருந்தாலும் ஊறிய பஞ்சு மாதிரி இருந்தாலும் மேல், கீழ் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று தெருநாய் நக்கும், அது விஷம்.