சாவண்டலை மரத்தை முதன்முதல் எடுத்தது திருகோணமலையிலதானோ? பெயர்ப்பலகைக்கு உதவி வேணும்

கன்னியா வாத்தி
வணக்கம். கன்னியாப் பக்கம் ஒரு பாடசாலையில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். வளவில பெரிய சாவண்டலை ஒண்டு நிக்குது. மரங்களுக்குப் பெயர்ப்பலகை போடுற வேலையை அதிபர் என்ர தலையில கட்டிவிட்டிட்டார். இதுக்கு இங்கிலீசில 'டிரிங்கோமலி வுட்' எண்டு பெயர் இருக்குத்தானே, அதால "முதன்முதலில் திருகோணமலையில் கண்டெடுக்கப்பட்ட மரம்" எண்டு எழுதச் சொல்லிறார். எனக்கு எழுதக் கை வரேல்ல.

தேடினதில கிடைச்சது: கல்கத்தாத் தாவரத் தோட்டத்தில இருந்த தாவரவியலாளர் றொக்ஸ்பரோ இதை 'பெர்ரியா அமோனில்லா' எண்டு விவரிச்சிருக்கிறார், இடம் எண்டு பார்த்தால் இலங்கை மட்டும்தான். ஊர் இல்லை. பிறகு ஒரு பழைய உலர்தாவரத் தாளின்ர படம் கிடைச்சுது. மூலையில 'சி.பி.' எண்டு போட்டு ஒரு இலக்கம். இதுதான் மூலத் தாளோ, அதாவது பெயர் வைக்கேக்க ஆதாரமா வைச்ச தாளோ? இலக்கத்தை வைச்சு ஊரைப் பிடிக்கலாமோ?

உப்புவெளியான்
இதுக்கு ஏன் சேர் ஆராய்ச்சி? ஊர்ப்பெயரே மரத்தில இருக்கு. அதிபர் சொன்ன மாதிரியே எழுதுங்கோ.

தாள்புரட்டி
உப்புவெளி அண்ணை, அப்பிடிப் பார்த்தால் மைசூர்ப் பருப்பெல்லாம் மைசூரிலதான் முளைச்சிருக்க வேணும்.

சேர், முதல்ல அந்தச் சி.பி. தாளை ஒதுக்கி வையுங்கோ. சி.பி. எண்டால் 'சிலோன் பிளான்ட்ஸ்'. பேராதனைத் தோட்டத்தில துவைட்ஸ் போட்ட இலக்கம். அவர் அங்க பொறுப்பெடுத்தது 1849இல. றொக்ஸ்பரோ செத்தது 1815இல. செத்த மனிசன் பிறகு பறிச்ச கிளையைப் பார்த்து எழுதியிருப்பாரோ?

இன்னொண்டு, எல்லாரும் விழுற கிடங்கு இது. சி.பி. இலக்கம் ஒரு நாள் ஒரு இடத்தில பறிச்சதுக்குப் போட்ட இலக்கம் இல்லை. இனத்துக்குப் போட்டது. கண்டியில ஒரு கிளை, இங்க திருகோணமலையில இருந்து கிளெனிப் பாதிரியார் அனுப்பின ஒரு கிளை, இன்னொருத்தர் வேற வருசம் கொண்டந்தது, எல்லாம் ஒரே இலக்கத்துக்குள்ள கிடக்கலாம். பேராதனையில இருக்கிற தாளில ஊர்கள் எழுதியிருக்கும். ஐரோப்பாவுக்குப் போன பிரதிகளில பல நேரம் இலக்கம் மட்டும்தான். அதால சி.பி. தாள் ஒண்டுக்கு ஊர் தேடுறதெண்டால் பேராதனைத் தாளைத்தான் பார்க்க வேணும்.

கன்னியா வாத்தி
இலக்கத்தைக் கண்டவுடன துள்ளிக் குதிச்சிட்டன், வருசத்தைப் பார்க்கவே இல்லை. அப்ப றொக்ஸ்பரோவின்ர தாளைத்தான் தேட வேணுமோ?

தாள்புரட்டி
அதுவும் இல்லை. இப்ப வழங்கிற பெயர் என்ன? பெர்ரியா கோர்டிஃபோலியா. அந்தக் 'கோர்டிஃபோலியா' எங்கால வந்தது? 1801இல வில்டெனோ எண்ட ஜெர்மன்காரர் 'எஸ்பெரா கோர்டிஃபோலியா' எண்டு பெயர் வைச்சிட்டார். றொக்ஸ்பரோவின்ர பெயர் புத்தகத்தில ஏறினது 1820 அளவில, அவர் செத்தாப் பிறகு. மூத்த பெயர்தான் நிக்கும் எண்டது விதி. பேரினத்துக்கு மட்டும் விதிவிலக்குக் குடுத்துப் 'பெர்ரியா'வைக் காப்பாத்திட்டினம். இனப்பெயரில மூத்தது வில்டெனோவின்ரதான். ரெண்டையும் 1926இல புரெட் எண்ட தாவரவியலாளர் சேர்த்து வைச்சார்.

மூலத் தாள் எப்பவும் மூத்த இனப்பெயரோட போகும். அதால உங்கட கேள்விக்குரிய இடம் கல்கத்தாவும் இல்லை, பேராதனையும் இல்லை, பெர்லின். 1943 குண்டுவீச்சில பெர்லின் தாள்களில பெரும்பங்கு எரிஞ்சு போச்சு, ஆனால் வில்டெனோவின்ர சேகரிப்புத் தப்பிச்சுது. படங்கள் இணையத்தில இருக்கு. 'எஸ்பெரா' எண்டு தேடுங்கோ, பெர்ரியா எண்டு போட்டு மினக்கெடாதேங்கோ. தாளின்ர முன்பக்கத்தோட நிக்காமல் உறையில எழுதியிருக்கிறதையும் வாசிக்க வேணும்.

மெரினா மணல்
நான் சென்னை. இந்த மரம் எங்க ஊர் கதையிலும் வருது, அதனால நுழையறேன். துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல கப்பல் தூரத்துல நிக்கும். ஆளும் சரக்கும் மசூலா படகுலதான் அலையைத் தாண்டி கரைக்கு வரணும். ஆணி கிடையாது, பலகையைக் கயிறால தைச்ச படகு. அலை அடிச்சா வளைஞ்சு குடுக்கும், உடையாது. அதுக்கு லேசா, உறுதியா மரம் வேணும். றொக்ஸ்பரோ சொல்ற உபயோகமே இதுதான். பலகை திருகோணமலையில இருந்து கப்பல்ல வந்ததால இங்க அந்தப் பேர். பெர்ரியாங்கிற பேர்ல வர்ற 'பெர்ரி'யும் மெட்ராஸ் டாக்டர்தான், ஆண்ட்ரூ பெர்ரி.

உப்புவெளியான்
அப்ப எங்கட துறைமுகத்தின்ர பெயர், காட்டின்ர பெயர் இல்லை. சரி, தோத்தன். 'அமோனில்லா' எங்கால?

தாள்புரட்டி
சிங்களத்தில 'ஹல்மில்ல'. அதுதான் நெளிஞ்சு அமோனில்லா ஆச்சு. மரக்காலையில இண்டைக்கும் ஹல்மில்ல எண்டு கேட்டால்தான் எடுத்துத் தருவினம். சாராயப் பீப்பாவும் இதிலதான் செய்யிறது. இன்னொண்டையும் யோசியுங்கோ சேர்: தென்னிந்தியாவிலயும் பர்மாவிலயும் தன்பாட்டில வளருற மரம் இது. மரம் இங்க நிக்கிறதை வைச்சு மட்டும் 'முதன்முதலில்' எண்டு சொல்ல ஏலாது.

மூதூர் அக்கா
பிள்ளையள் பலகைக்குக் கிட்டப் போவினம் தம்பி, ஒண்டைக் கவனியுங்கோ. காய் சிறகு விரிச்சுப் பூ மாதிரி வடிவா இருக்கும், ஆனால் விதையில சுணை. ஒருக்கா மடியில அள்ளிக்கொண்டு வந்து ரெண்டு நாள் சொறிஞ்சனான். காய் விழுற காலத்தில கீழ இருக்க விடாதேங்கோ.

கன்னியா வாத்தி
எல்லாருக்கும் நன்றி. தாள்புரட்டி, 'எஸ்பெரா' தேடலை இரவைக்கு இருந்து பார்க்கிறன். அதிபரிட்டப் படகுக் கதையைச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "அது இன்னும் நல்லாத்தான் இருக்கு" எண்டார். பலகை இப்பிடி வருது:

"சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. இதன் பலகை எங்கள் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் போய் மசூலாப் படகானது. அதனால் ஆங்கிலேயர் டிரிங்கோமலி வுட் என்றனர். காயைத் தொடாதே, சுணைக்கும்."

பெயின்ரர் எழுத்துக் கணக்கில காசு கேக்கிறார். எதை வெட்டினாலும் கடைசி வரியை வெட்ட மாட்டன், அக்கா.