பகிர்பாதையில் மணி அடித்தால் நடப்பவர் விலகியே ஆக வேண்டுமா?

நடைவிரும்பி:
எங்கள் குடியிருப்பை ஒட்டி, நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் பாதை ஒன்று இருக்கிறது. ஊன்றுகோலுடன் நடக்கும் என் தாயாரை அங்கே அழைத்துச் செல்கிறேன். பின்னால் வருபவர்கள் பலர் மணியை அடித்தபடி, வேகத்தைக் குறைக்காமலே கடந்து போகிறார்கள். மணி கேட்டும் விலகாதது எங்கள் தவறு என்று ஒருவர் கடிந்துகொண்டார். சாலையோர நடைபாதை, இத்தகைய பகிர்பாதை, காட்டுக்குள்ளும் குன்றின் மீதும் செல்லும் உலாப்பாதை ஆகியவற்றில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை விதிகள் எவ்வாறு வகுக்கின்றன? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

வழித்துணை:
உங்கள் தாயார் மீது தவறே இல்லை. மணி ஒருவர் வருவதை அறிவிக்கிறது. அவருக்கு முன்னுரிமை எதையும் தந்துவிடுவதில்லை. செவித்திறன் குறைந்தவர்களும் சிறு குழந்தைகளும் நடமாடும் இடத்தில், மணி அடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எவரும் கருத முடியாது. பகிர்பாதைகளுக்கான விதிகள் பெரும்பாலும் வேகமாகச் செல்பவரே மெதுவாகச் செல்பவருக்கு வழிவிட வேண்டும் என்ற அடிப்படையில்தான் அமைந்துள்ளன.

சாலையோர நடைபாதையைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகுதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அங்கே மிதிவண்டி ஓட்டுவதை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே தடுக்கிறது. ஜெர்மனியில் 8 வயது நிறையாத குழந்தைகள் பொதுவாக நடைபாதையில்தான் ஓட்ட வேண்டும். 10 வயது நிறையும் வரை அவ்வாறு ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். சிங்கப்பூரோ வேகத்துக்கு வரம்பு வைத்தது: நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதையில் 25. மின்ஸ்கூட்டர்களை 2019 நவம்பரில் நடைபாதையிலிருந்தே விலக்கிவிட்டது. ஆகவே உங்கள் நகராட்சியின் விதியையும், பாதையின் தொடக்கத்தில் உள்ள பலகையையும் பார்த்துவிடுவது நல்லது.

இருசக்கரம்:
நாள்தோறும் மிதிவண்டியில் பணிக்குச் செல்பவன் என்ற முறையில் வேகத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். முன்னே நடப்பவர் திடீரென ஒதுங்கினால், அதை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், வண்டி அந்த 7 மீட்டரைக் கடந்த பிறகுதான் வேகமே குறையத் தொடங்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரம் 3 மீட்டருக்கும் குறைவு. முதியவர்களைக் கடக்கும்போது நடை வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நடுவே வெள்ளைக் கோடு போட்டுப் பாதையைப் பிரித்துவிட்டால் போதும் என்று பல நகரங்கள் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்வையற்றவருக்கு வண்ணக் கோட்டால் என்ன பயன்? பிரிட்டனில், பிரிக்கப்பட்ட பாதையின் தொடக்கத்தில் வரிக்கற்களை நடப்பவர் பக்கம் குறுக்காகவும் மிதிவண்டிப் பக்கம் நெடுக்காகவும் பதிக்கும் முறை உண்டு. காலாலும் கோலாலும் பக்கத்தை அறிந்துகொள்ளலாம். நடமாட்டம் மிகுந்த இடங்களில் மட்டத்திலேயே வேறுபாடு வைத்துத் தனிப்பாதை அமைப்பதுதான் முறையானது. நடப்பவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள்: நாயின் கயிற்றைப் பாதையின் குறுக்கே நீளவிடாதீர்கள், அந்தி வெளிச்சத்தில் அது எங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

குன்றேறி:
உலாப்பாதைகளில் பரவலாக உள்ள மரபு இது: மிதிவண்டி ஓட்டுபவர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், குதிரை வந்தால் இருவருமே விலக வேண்டும். குறுகிய சரிவில் ஏறி வருபவருக்கு இறங்குபவர் ஒதுங்குவார். குதிரைக்காக ஒதுங்கும்போது சரிவின் கீழ்ப்பக்கம் நின்று அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பது நல்லது. ஓசையின்றி மேட்டில் நிற்கும் உருவத்தைக் கண்டால் அது மிரளக்கூடும்.

மழைக்குப் பின் சில மண்பாதைகளை மூடிவிடுகிறார்கள். ஈர மண்ணில் பதியும் சக்கரத் தடம் காய்ந்து இறுகிவிட்டால், அடுத்த மழையின் நீர் அதையே வாய்க்காலாக்கி மண்ணை அரித்துச் செல்கிறது. திறந்திருக்கும் பாதையில் சேறு குறுக்கிட்டால் ஓரத்துச் செடிகளை மிதித்துச் சுற்றிப் போகாமல் நடுவிலேயே நடந்துவிடுங்கள். சுற்றிச் சுற்றிப் போவதால்தான் ஒற்றையடிப் பாதைகள் அகன்று சிதைகின்றன.