'பிறர்வினைப் பொறுப்பு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஊழியர் இழைத்த தீங்குக்கு முதலாளியும் இழப்பீடு தரவேண்டும் என்னும் 'வைகேரியஸ் லயபிலிட்டி' கோட்பாட்டிற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம்மிடையே முன்வைக்கப்பட்ட 'பதிலிப் பொறுப்பு' என்பதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பதிலி என்பவர் இன்னொருவருடைய இடத்தில் வருபவர். ஆகவே முதலாளி பொறுப்பேற்றதும் ஊழியர் விடுபட்டுவிடுவார் என்ற பொருள் அச்சொல்லில் தொனிக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தவறிழைத்தவரின் பொறுப்பு அப்படியே இருக்க, முதலாளியின் பொறுப்பு அதனோடு சேர்கிறது. பாதிக்கப்பட்டவர் இருவரில் எவர்மீதும், இருவர்மீதும் சேர்த்தும் வழக்குத் தொடரலாம். 'முதலாளிப் பொறுப்பு' என்பதோ மிகக் குறுகியது. கூட்டாளி ஒருவர் வணிகத்தின் போக்கில் செய்த தீங்குக்கு மற்றக் கூட்டாளிகள் பொறுப்பாவதும் இதில் அடங்கவேண்டும்.

எனவே 'பிறர்வினைப் பொறுப்பு' என்பதை முன்மொழிகிறேன். இதை 'பிறவினை' என்று சுருக்கிவிடக் கூடாது. இலக்கணத்தில் பிறவினை என்பது ஒருவர் மற்றொருவரைக் கொண்டு செய்விப்பது. இங்கு முதலாளி ஏவியிருக்கவேண்டும் என்பதில்லை, வெளிப்படையாகத் தடுத்திருந்தும் பொறுப்பு நீங்காமல் போகலாம். 1862ஆம் ஆண்டின் லிம்பஸ் வழக்கில், பிற வண்டிகளோடு பந்தயம் ஓட்டவோ அவற்றை மறிக்கவோ கூடாது என்று ஓட்டுநர்களுக்கு எழுத்தில் ஆணையிட்டிருந்த இலண்டன் குதிரைப் பேருந்து நிறுவனமே, அதன் ஓட்டுநர் போட்டி வண்டியை மறித்துக் கவிழ்த்ததற்குப் பொறுப்பாக்கப்பட்டது.

இதனோடு ஒட்டி வரும் இன்னொரு தொடரையும் நாம் கவனிக்கவேண்டும். முதலாளி பொறுப்பாவதற்கு ஊழியரின் தீங்கு எந்த வரம்புக்குள் நிகழ்ந்திருக்கவேண்டும் என்பதைக் குறிக்கும் 'கோர்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மெண்ட்' என்பதைப் 'பணிநேரத்தில்' என்று எழுதினால் கோட்பாடே திரிந்துவிடும். 1900ஆம் ஆண்டின் பியர்டு வழக்கில் பேருந்து நடத்துநர் பணிநேரத்தில்தான் வண்டியைத் தாமே ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினார். ஆனால் ஓட்டுவது அவருடைய பணியில் அடங்கும் என்று நிறுவப்படாததால் நிறுவனம் பொறுப்பாகவில்லை. மாறாக, 1912ஆம் ஆண்டின் லாயிட் வழக்கில் வழக்குரைஞர் அலுவலக எழுத்தர் ஒருவர், முழுவதும் தம் சொந்த ஆதாயத்துக்காகக் கட்சிக்காரரை ஏமாற்றி அவருடைய சொத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டபோதும், அத்தகைய ஆவணங்களைக் கையாள்வதே அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை என்பதால் அலுவலகம் பொறுப்பாயிற்று. 'பணித்தொடர்பில்' என்று நாம் எழுதினால் இவ்விரு தீர்ப்புகளும் அதில் பொருந்தும். 2001இல் லிஸ்டர் வழக்கில், விடுதிக் காப்பாளர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமைக்கு அவரைப் பணியமர்த்திய நிறுவனத்தைப் பொறுப்பாக்கிய பிரித்தானியப் பிரபுக்கள் அவையும் (அன்று அதுவே அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றம்) பணிக்கும் தீங்குக்கும் இடையிலுள்ள நெருங்கிய தொடர்பையே அளவுகோலாகக் கொண்டது.