சீரான வேகத்தில் போகும் லாரிக்கு விசை சுழி. அப்புறம் சுவர் ஏன் இடியுது?

குரூப்4 தம்பி:
பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல முதல் பாடத்துலயே மாட்டிக்கிட்டேன். விசை = நிறை × முடுக்கம். சரி. லாரி ஒண்ணு மணிக்கு 36 கி.மீ.ல கூடாம குறையாம போகுது. முடுக்கம் சுழி, அப்போ விசையும் சுழி. ஆனா காம்பவுண்ட் சுவத்துல மோதினா சுவர் தூளாகுதே, எப்படி? மனப்பாடம் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க, அது பண்ணியாச்சு.

ராயல்பாண்டி:
லாரி வெயிட்டுப்பா, அதான்.

குரூப்4 தம்பி:
சுவரை ஒட்டி நிறுத்தி வச்ச லாரிக்கும் அதே வெயிட்டுதானே அண்ணே?

ஓய்வு வாத்தியார்:
நல்லாக் கேட்டீங்க தம்பி. லாரி விசையைச் சுமந்துக்கிட்டு வரல. அதுகிட்ட இருக்கிறது உந்தம், அதாவது நிறை × திசைவேகம். 10 டன் லாரி, வினாடிக்கு 10 மீட்டர்: 1,00,000 கி.கி. மீ/வி. நிக்கணும்னா இது மொத்தமும் சுழியாகணும். எவ்வளவு சீக்கிரம் ஆகுதோ அவ்வளவு பெரிய விசை.

பிரேக் போட்டு 5 வினாடியில நிறுத்தினா சராசரி 20,000 நியூட்டன். டயரும் ரோடும் தாங்கிக்கும். சுவர் 0.2 வினாடியில நிறுத்தினா 5,00,000. அந்த நேரத்துல முடுக்கம் சுழி இல்ல, எதிர்த்திசையில 50 மீ/வி². சுவர் லாரியைத் தள்ளுற அதே அளவுல லாரியும் சுவரைத் தள்ளும், செங்கல் தாங்குமா? நீங்க மோதுறதுக்கு முந்தின முடுக்கத்தை வச்சு மோதும்போது வர்ற விசையைத் தேடுறீங்க.

நியூட்டன் 1687-ல எழுதினதே இயக்க அளவு (இப்ப நாம சொல்ற உந்தம்) மாறுறதைப் பத்தித்தான். முடுக்கத்தை வச்சுப் பொதுச் சமன்பாடா கணித மேதை ஆய்லர் எழுதினது 1750-ல.

கிரஷர்காரன்:
வாத்தியார் சொன்னதுக்கு எங்க பெல்ட்டே சாட்சி. கன்வேயர் வினாடிக்கு 2 மீட்டர்ல சீரா ஓடுது, மேல வினாடிக்கு 50 கிலோ ஜல்லி விழுதுன்னு வைங்க. பெல்ட்டோட முடுக்கம் சுழிதான். ஆனா விழுற கல்லுக்கெல்லாம் உந்தம் கொடுக்க 100 நியூட்டன் தனியா வேணும். (மேடேத்துறதுக்கும் உராய்வுக்கும் ஆகுறது வேற.) இதுக்கு மோட்டார் கொடுக்கிறது 200 வாட், கல்லோட இயக்க ஆற்றலாப் போறது 100 தான். மீதி, கல்லு பெல்ட் வேகத்தைப் பிடிக்கிற வரைக்கும் வழுக்கிச் சூடாகுது. ரப்பர் தேயுறதும் அங்கதான்.

குரூப்4 தம்பி:
சார், ஆப்ஷன்ல 'நிறை × முடுக்கம்', 'உந்த மாறுபாட்டு வீதம்' ரெண்டும் வந்தா?

ஓய்வு வாத்தியார்:
நிறை மாறாதுன்னு கேள்வியில இருந்தா ரெண்டும் ஒண்ணுதான். இல்லேன்னா ரெண்டாவதைப் போடுங்க.