ஏல்ஹவுஸ்: தோப்பி மனையா, மதுமனையா?

நண்பர்களே,

ஏல் என்ற பியர் வகையின் பெயரில் அமைந்த பழைய ஆங்கிலேய மதுக்கடை ‘ஏல்ஹவுஸ்’. அதற்குத் தமிழில் நேற்று நம் குழுவில் ஐயா முன்வைத்த சொல் இது:

> ஏல்ஹவுஸ் – தோப்பி மனை. தோப்பி என்பது நெல்லில் வடித்த பழந்தமிழ்க் கள். தென்னங்கள்ளோடு குழம்பாது.

அழகான சொல். ஏல் வாற்கோதுமையில் வடிப்பது, தோப்பி நெல்லில் வடிப்பது. பானத்துக்கு அந்தப் பெயரைத் தாராளமாக வைக்கலாம். கடைக்கு வைக்கும்போதுதான் இடிக்கிறது.

நான் மொழிபெயர்ப்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உரிம வழக்குகளை. 1828இன் ஏல்ஹவுஸ் சட்டத்தில் ஏல் என்பது பெயரளவில்தான். அந்த உரிமம் பெற்றவர் ஜின், பிராந்தி எல்லாம் விற்கலாம். அதை வழங்கியவர்கள் அந்தந்த வட்டாரத்துச் சமாதான நீதவான்கள், ஆண்டுக்கு ஒரு முறை கூடி. (இலங்கை நண்பர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. அங்கே இப்போது ஆவணத்தில் கையெழுத்து வாங்கப் போவோமே, அவரேதான். அன்றைய இங்கிலாந்தில் அவர் கை இன்னும் நீளம்.)

1830இல் வந்த பியர்ஹவுஸ் வேறு சங்கதி. வரி கட்டும் வீட்டுக்காரர் தீர்வைத் துறையில் 2 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) செலுத்தினால் போதும், நீதவானின் முகத்திலேயே விழிக்க வேண்டாம். ஆனால் பியரும் சைடரும் (ஆப்பிள் மது) மட்டுமே விற்கலாம். பார்க்கப்போனால் தோப்பி மனை என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும்!

‘1869இல் பியர்ஹவுஸும் நீதவான்களிடம் திரும்பிவிட்டதே, அப்புறம் எதற்கு இரண்டு சொல்?’ என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கலே. அந்த ஆண்டு மே 1க்கு முன்பிருந்தே நடந்துவந்த பியர்ஹவுஸ் என்றால், புதுப்பிக்க மறுக்க நான்கே காரணங்கள்தான் செல்லும். ஏல்ஹவுஸ் உரிமத்துக்கு அந்தக் காப்பு கிடையாது.

வெஸ்ட்மோர்லாந்தின் கென்ட்மியர் பள்ளத்தாக்கில் ஷார்ப் என்ற பெண்மணியின் விடுதிக்கு நேர்ந்தது இதுதான். போலீஸ் கண்காணிப்புக்கு எட்டாத தொலைவு, வட்டாரத்துக்குத் தேவையுமில்லை என்று நீதவான்கள் புதுப்பிக்க மறுத்தார்கள். காலாண்டு நீதிமன்றத்தில் (குவார்ட்டர் செஷன்ஸ்) தொடங்கிய மேல்முறையீடு 1891இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை வரை போயும் தோற்றது. தனிப்பட்ட விருப்பப்படி அல்ல, நியாயத்தின்படி முடிவெடுக்க வேண்டும் என்றார் அங்கே தீர்ப்புச் சொன்ன ஹால்ஸ்பரி பிரபு. ஆனால் மறுக்கும் அதிகாரம் புதுப்பித்தலுக்கும் உண்டு என்றே முடிந்தது. இரண்டு கடைக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஷார்ப் ஏன் தோற்றார் என்பது வாசகருக்குப் பிடிபடாது.

எனவே என் பரிந்துரை: ஏல்ஹவுஸ் மதுமனை, பியர்ஹவுஸ் பியர்மனை. ‘பியர்’ தமிழில்லையே என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், எனக்குப் பொருள் பிசகாமல் இருந்தால் சரி.

அடுத்தது ‘ப்ரூஸ்டர் செஷன்ஸ்’, அதாவது உரிமம் வழங்க நீதவான்கள் ஆண்டுதோறும் கூடும் அந்தக் கூட்டம். அம்மா சொன்ன ‘உரிம நீதிமன்றம்’ வேண்டாம். உரிமம் தரக் கூடும் நீதவான்கள் நீதிமன்றமாக அமர்வதில்லை என்று 1897இல் அதே பிரபுக்கள் அவை தீர்த்துவிட்டது. சட்டமும் அதைக் கூட்டம் என்றே சொல்கிறது. ‘உரிமக் கூட்டம்’ போதும். ப்ரூஸ்டர் என்பது முதலில் பியர் வடிக்கும் பெண்ணைக் குறித்த சொல். அந்தச் சுவை தமிழில் போய்விடுகிறது. அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

‘மேல்முறையீடு’ அப்படியே இருக்கட்டும். உரிமத்தை மறுத்த நீதவான் அதன் மேல்முறையீட்டை விசாரிக்க உட்காரக் கூடாது என்று 1828 சட்டத்திலேயே இருக்கிறது. ‘காலாண்டு நீதிமன்றம்’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?