மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட்

கொளத்தூர்க்காரன்:
வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது. வைரஸ்தான் என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானதுதான் மிச்சம்.

விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' வரிசையாக நின்றது. அது காரணமே இல்லை. முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனது என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே பக்செக் கோடு, அதாவது பிழை எண், 0 என்றிருந்தது. விண்டோஸே செயலிழந்து காட்டும் நீலத்திரை வந்து விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே வேறு எண் இருக்கும். சரி, கரண்ட் பக்கம்தான் கோளாறு என்று ரிச்சி தெருவுக்குப் போய்ப் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் புதிதாக வாங்கி மாட்டினேன். அப்போதும் அதே கதை.

கடைசியில் கண்டுபிடித்தது அம்மா. "நான் மோட்டார் போடும்போதெல்லாம் நீ ஏன்டா கத்துற?"

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். அவரையே போடச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்தேன். ட்யூப்லைட் ஒரு கணம் மங்கியது, யுபிஎஸ்ஸில் 'டிக்', திரை போச்சு. வோல்டேஜ் இறங்கியதும் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. அந்த பேட்டரிதான் எப்போதோ செத்துக் கிடக்கிறது! சுவரிலிருந்து யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, பக்கவாட்டில் உப்பி, வெளியே இழுக்கவே வரவில்லை. மாற்றியதும் சரியாகிவிட்டது. நன்றாக இருந்த பழைய எஸ்எம்பிஎஸ் இப்போது பரணில்.

திருவான்மியூர்:
எனக்கும் 41, எனக்கும் 0. ஆனால் கரண்ட் மேல் தப்பில்லை. நாற்காலியை நகர்த்தும்போது கேபினெட்டில் கால் பட்டால் ரீஸ்டார்ட் ஆகும். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே நிற்காது, ரீசெட் பட்டன் எம்மாத்திரம்? துருவேறி உள்ளேயே ஒட்டிக்கொண்டு, லேசாக அசைந்தாலே அழுத்தின மாதிரி ஆகியிருக்கிறது. மதர்போர்டில் அந்தப் பட்டனின் வயரை மட்டும் உருவிவிட்டேன். பவர் பட்டனே போதும். செலவு பைசா இல்லை.

பெரம்பூர்:
என்னுடையது நிஜமான நீலத்திரை, ஆனால் படிப்பதற்குள் ஓடிவிடும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட், ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்தேன். அடுத்த முறை திரை அப்படியே நின்றது. மெமரி என்று வந்தது. மெமரி பலகையான ராமின் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரம் சமர்த்தாக ஓடியது, அப்புறம் பழையபடி. ராத்திரி மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு, அத்தனையும் மெமரிப் பிழைகள்.